உள்நுழையவும்

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி கல்லாகிக் கிடந்தது.
துறைமுகத் தானியக் கிடங்கின் சர்வர் அறையில்
கோதுமைத் தூசி வாசம்.
மாரிட் ஹால்வர்சன் எனக்கு நாற்காலியைக் காட்டிவிட்டுத்
தான் நின்றுகொண்டார்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து
ஒரு கறுப்புத் திரையை விற்க வந்திருந்தேன்.
ஏற்கெனவே அவரிடம் ஒரு கறுப்புத் திரை இருந்தது,
இலவசமாக,
இருபத்தெட்டு வருடமாக.

எங்களுடையதற்கு ஓரங்கள் வளைந்தவை.
கர்சர் துடிக்காது, மூச்சு விடும்.
அந்த மூச்சை வரைய எனக்குப் பதினொரு வாரம்.
பாதி அடிக்கும்போதே மீதியை ஊகித்துச் சொல்லும்,
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன்
நம் குறுக்கெழுத்தைப் போட்டுத் தருவதுபோல.

எங்கள் நிறுவனர் தாடியஸ், பெயரில் மட்டும் தாடி,
முதலீட்டாளர் முன் நின்று சொல்வார்:
"நாற்பது ஆண்டாக யாரும் வெள்ளையடிக்காத வீடு இது.
உள்ளே மூன்று கோடிப் பேர் குடியிருக்கிறார்கள்.
வாடகை வசூலிக்கத்தான் ஆளில்லை."
கைதட்டினார்கள்.
பதினேழு மில்லியன் டாலர் கைதட்டல்.

மாரிட் திறந்தார்.
ஒரு கட்டளை அடிக்கும் முன்பே திரை கேட்டது:
மின்னஞ்சல் முகவரி? கடவுச்சொல்?
உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்?
எங்களைப் பற்றி எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?

"என் கணினிக்குள் நான் போக
உங்களிடம் ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்?"
கணக்கு முடிக்கும் காசாளரின் குரலில் கேட்டார்.
மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்:
உங்கள் கட்டளைகள் எங்களிடம் பத்திரமாக இருக்கும்,
குழுவோடு பகிரலாம், எங்கிருந்தும் எடுக்கலாம்.

அவர் சுவரருகே குனிந்து
ஒரு நீலக் கம்பியைப் பிடுங்கினார்.
"இப்போது இணையம் போய்விட்டது.
அதைச் சரிசெய்யத்தான் எனக்குத் திரை வேண்டும்.
உள்ளே விடுங்கள்."

என் கர்சர் அழகாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
அதன் கீழே ஒரு சக்கரம் சுற்றியது,
சுற்றியது.
சாவியைப் பெட்டிக்குள் வைத்துப்
பெட்டியைப் பூட்டியிருந்தோம்.

ஆனால் கம்பியைச் செருகிய பிறகு
உடனே மூடிவிடவில்லை. இதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.
எதையோ ஓட்டினார். எண்ணூறு வரிப் பிழைச்செய்தி கொட்டியது.
எங்கள் திரை ஒவ்வொரு கட்டளையையும்
அதன் விடையோடு சேர்த்துக் கோடு கிழித்து வைத்திருந்தது,
எங்கே தொடங்கிற்று, எங்கே முடிந்தது என்று.
"இது," என்றார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
"ராத்திரி மூன்று மணிக்கு என் கண் தேடுவது
இந்தக் கோட்டைத்தான்.
இதை மட்டும் தருவீர்களா?"

அறிக்கையில் எழுதினேன். தாடியஸ் படித்தார்.
"ஒரு கோட்டுக்கு யார் மாதச் சந்தா கட்டுவார்கள்?"
அடுத்த பதிப்பில் செயற்கை நுண்ணறிவு வந்தது.
அதற்கடுத்ததில் அது காலை வணக்கம் சொன்னது.
அதன்பின் பெரிய நிறுவனம் ஒன்று எங்களை வாங்கியது;
"நம் பயணம் இப்போதுதான் தொடங்குகிறது" என்று
மூடுவிழா மடல் போனது
எல்லோருக்கும், ஒரே நிமிடத்தில்.

அட்டைப்பெட்டியில் என் காபிக் குவளை, விசைப்பலகை,
நிறுவனத்தின் பெயர் போட்ட ஆறு ஜோடிக் காலுறை.
ஓக்லண்ட் வண்டி கடலடிச் சுரங்கத்தில் நுழைந்ததும்
சிக்னல் போயிற்று.
மடிக்கணினியைத் திறந்து, பழைய திரையில்,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்
பதினான்கு வரி எழுதினேன்.
கட்டளைக்கு முன் ஒரு கோடு. அவ்வளவுதான்.
கணக்குத் தொடங்க வேண்டாம்.
மூச்சு விடாது.
கரையேறியதும் மாரிட்டுக்கு அனுப்பினேன்.

பதில் இல்லை.
திங்கள், செவ்வாய், அந்த வாரம் முழுக்க.
கொஞ்சம் வலித்தது.
பிறகுதான் உறைத்தது:
அங்கே ஒரு கோப்பை இடம் மாற்றினால்
மாற்றினேன் என்று எதுவும் சொல்லாது.
அழித்தால், அழித்தேன் என்று சொல்லாது.
தவறினால்தான் பேச்சு.
சரியாக நடந்துவிட்டால்
அடுத்த வரி வந்து,
காலியாக,
காத்திருக்கும்.