அணைந்த பிறகு

இருநூறு நானோ நொடி.
கண்ணாடிக் குழாயில் ஊதா பளிச்சிட்டு
அணைகிறது.
அதற்குள் எலெக்ட்ரான்கள்
நைட்ரஜன் மூலக்கூறுகளை உலுக்கிவிட்டுப்
போய்விட்டன.

நாங்கள் அளப்பது அணைந்த பிறகுதான்.

ப்ர்னோ நகரில் ஜனவரி. கீழ்த்தளம்.
முனையில் டிராம் திரும்பும்போதெல்லாம்
ஒளிமேசையின் ஆடிகள் இம்மியளவு நகரும்.
போஹ்தனா செக் மொழியில் திட்டுவாள்,
மேசைக்குக் கேட்கும்படி.

குழாயைத் தொட்டால் கை சுடாது.
வாயுவின் வெப்பம் இந்த அறையின் வெப்பம்தான்.
இரண்டு அணுக்களுக்கு நடுவே, பிணைப்பிலோ,
மூவாயிரம் கெல்வின்
நீண்டு குறுகித் துடிக்கிறது.
ஒளியாய் உமிழ்ந்து தீர்க்கவும் வழியில்லை:
இருபுறமும் ஒரே அணு,
எந்தப் பக்கமும் சாய்வில்லை,
சொல்ல வாயில்லை.
தன் இனத்தோடு மோதினால்
ஒன்று ஒரு படி இறங்கும், மற்றது ஒரு படி ஏறும்.
கடன் கைமாறும். தீராது.

இன்றோ சீக்கிரமே தீர்ந்தது.
லேசரின் தாமதத்தை மாற்றினோம்,
மாற்றியதைத் திரும்ப மாற்றினோம்,
வளைகோடு விழுந்துகொண்டே இருந்தது.

ஓத்மார் காலணிப் பனியை உதறாமலே வந்தார்.
மோப்பம் பிடிப்பவர்போல் குனிந்து குனிந்து
மூன்றாவது இணைப்பில் விரல் வைத்தார்.
ரப்பர் வளையத்தில் மயிரிழை விரிசல்.
வெளிக்காற்றின் ஈரம் கசிந்திருக்கிறது.
தண்ணீர் கொஞ்சம் போதும்;
அது தொட்டால்
பிடித்துவைத்ததெல்லாம் அவிழ்ந்து
வெறும் சூடாகிவிடும்.

மேசையைத் திட்டியது தவிர
போஹ்தனா நேற்றிலிருந்து பேசவேயில்லை என்று
அப்போதுதான் உறைத்தது.
நேற்றைய கூட்டத்தில்
அவளுடைய ஆறு வருட வேலையை
இயக்குநர் அரை நிமிடத்தில் முடித்துவைத்தார்.
"நிதி இல்லை. அடுத்தது?"
தலையாட்டினாள். குறிப்பேட்டில் தேதி எழுதினாள்.
வெளியே வரும்போது கை கொடுத்தேன்,
சில்லென்றுதான் இருந்தது.

ஓத்மார் பழைய வளையத்தை உருவி
அவள் உள்ளங்கையில் வைத்தார்.
"இத்தனூண்டு" என்றார்.

சிரிக்கத் தொடங்கினாள்.
நிறுத்த முடியவில்லை.
பாதுகாப்புக் கண்ணாடியைக்
கழற்ற வேண்டியிருந்தது, துடைக்க.
ஓத்மார் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தார்.

புது வளையம் மாட்டியாயிற்று.
பம்பு இரைகிறது; வெற்றிடம் திரும்ப
நாலு மணி நேரமாவது ஆகும்.
யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
அந்தக் காலணியின் பனி
உயர் அழுத்தக் கம்பிக்கு ஒரு முழம் தள்ளி
உருகிக் கிடக்கிறது.
துணி தேடிக்கொண்டிருக்கிறேன்.