பத்து வர வேண்டும்

வேலந்தாவளம் எடைமேடை என் பொறுப்பு,
இரவு பத்திலிருந்து விடியும் வரை.
லாரி ஏறும். பலகை ஒரு மூச்சு தாழும்.
சிவப்பு எண்கள் தடுமாறி நிற்கும்.
சீட்டுக் கிழிப்பேன். அவ்வளவுதான் வேலை.

மிச்ச நேரத்துக்கு விளையாட்டு:
வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம்.
கூட்டு, கழி, பெருக்கு, வகு,
எப்படியாவது பத்து வர வேண்டும்.
இடம் மாற்றலாம். ஒன்றையும் விடக்கூடாது.
இரண்டை ஒட்டி ஒன்றாக்குவது திருட்டு.

தொடங்கி வைத்தவன் எதிர்ச்சாரி
தட்டுக்கடை ரெஜிமோன்.
முதலில் சொல்பவருக்கு சாயா இலவசம்.
நஷ்டம் வராமலிருக்க
அவனே முந்திக்கொண்டு கத்துவான்.

வரிசை நீளும் இரவுகளில்
எண் அலுத்து எழுத்துக்குத் தாவுவோம்.
நாமக்கல் செங்கோட்டுவேல்
முட்டை வண்டியிலிருந்து இறங்காமலே கேட்பார்:
"முன்பாதி மீனு, பின்பாதி கேள்வி,
சேந்தா நாலு மணி நேரம் நிக்கணும். என்ன?"
"வாளையார்!"
தவிட்டு லாரி ஹாரனோடு விடை அடிக்கும்.

ரெஜிமோன் விடுவானா:
"ஞங்ஙள் ஓடி வேர்க்கிறது,
நீங்க உருட்டி முழுங்குறது."
யாருக்கும் வரவில்லை.
களி, என்றான்.
செங்கோட்டுவேலுக்கு வந்ததே கோபம்:
"இது தமிழ் விடுகதையா, மலையாளமா?
மொதல்ல அதச் சொல்லு!"
ஆளுக்கு அரைச் சாயா என்று தீர்ப்பானது.

அப்புறம் வந்தது 1199.
செவ்வாய்தோறும், கோழித்தீவனப் பாரம்.
ஒன்றும் ஒன்பதும் பத்து, கண்ணெதிரே பத்து;
மிச்சமுள்ள ஒன்றையும் ஒன்பதையும்
எந்த வீட்டில் கொண்டுபோய் விட?
பதினொன்றில் ஒன்பதின்கீழ் ஒன்பது போக
பத்துதானே என்றான் ரெஜிமோன்.
ஒட்டிவிட்டான். திருட்டு.
நான் சீட்டின் முதுகில் போட்டுப் போட்டு
ஒரு சிமெண்ட் லாரிக்கு
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது கிலோ என்று
கிழித்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.
அந்த டிரைவருக்கு ஒன்றும் தெரியாது.
"என் வண்டிப் பின்னாடி
அப்படி என்னய்யா பாக்குறீங்க?"
ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார்.

பன்னிரண்டாம் செவ்வாய்.
தவிட்டு லாரி கிளீனர் அபுதாகிர்,
இரண்டு வருடத்தில் பத்து வார்த்தை பேசியிராதவன்,
பரோட்டாவைப் பிய்த்தபடி சொன்னான்:
"ஒண்ண ஒம்பதாப் பிச்சா?"
பிய்த்தோம்.
ஒரு துண்டோடு முழு ஒன்றைச் சேர்த்தோம்.
இன்னொரு ஒன்பதால் பெருக்கினோம்.
துண்டு ஒன்றாயிற்று, முழுசு ஒன்பதாயிற்று.

முன்னால் இடம் விட்டும்
வரிசை நகரவில்லை.
ரெஜிமோன் சாயா ஆற்றினான்,
கேட்காமலே பழம்பொரி வைத்தான்.
அபுதாகிர் தொடவில்லை.
அடுத்த வண்டியின் எண்ணை
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேற்று ஒரு வைக்கோல் பாரம் ஏறியது.
3478.
எனக்கு விடை வந்துவிட்டது.
மடித்து பென்சில் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.
சாயா ஆறுகிறது,
சீக்கிரம்.