உறங்கும் முன் அணைக்கவும்

பொகவந்தலாவையில் கிளினிக் நாள்.
சின்னவளைத் தராசில் தொங்கவிட்டு
முள் நிற்கும்வரை
மூச்சடக்கி நின்றோம்.
கோடு கொஞ்சம் சரிந்திருக்கிறதாம்.
சுனேத்ரா மிஸ்ஸி
இரண்டு பக்கட் திரிபோஷாவும்
நாலாய் மடித்த ஒரு தாளும் தந்தார்.
‘அப்பாவும் வாசிக்கணும்’ என்றார்,
விமலேஸ்வரியை விட்டுவிட்டு
என்னைப் பார்த்து.

சிங்களத்திலிருந்து இறங்கி வந்த தமிழ்,
வழியில் அங்கங்கே கால் பிசகியிருந்தது.
தினமும் ஒரு முட்டை கொடுக்கவும்.
எங்களில் நாலு பேருக்கு ரெண்டு,
அதுவும் சம்பளக் கிழமையில்.
பச்சை இலை அதிகம் சேர்க்கவும்.
மலை முழுக்கப் பச்சை இலைதான் மிஸ்ஸி,
தின்னத்தான் முடியாது.
பிள்ளைக்கென்று ஒரு மூலை ஒதுக்கவும்.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
மூலை நாலு:
ஒன்றில் அடுப்பு, ஒன்றில் சாமி,
ஒன்றில் ஒழுக்கு.
நாலாவது டிலுக்ஷனின் புத்தகப்பைக்கு என்று
அன்றிரவே முடிவாயிற்று.

கடைசி வரி மடிப்பில் விழுந்து
பருப்புத் தண்ணி பட்டு
நடுவில் அழிந்துபோனது.
‘உறங்கும் முன் . . . . . . அணைக்கவும்.’

எதை?
‘போனாத்தான் இருக்கும்,
ரெண்டு மணிவரைக்கும் கிரிக்கட்டு’ என்றாள் அவள்.
‘லைட்டு. கரண்டு பில்லு’ என்றேன் நான்.
டிலுக்ஷன் இரண்டாம் ஆண்டு.
விரல் வைத்து எழுத்துக் கூட்டி
‘மூணு சுழி ணதான், சரியாத்தான் போட்டிருக்கு’ என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று போனை அணைத்தேன்.
மறுநாள் விளக்கையும் நேரத்தோடு.
மிச்சமிருந்ததை
எப்படி என்று தெரியவில்லை.

நான் புல்லுக்கு மருந்தடிக்கிறவன்.
முதுகில் டாங்கி, முகத்தில் ஈரத்துணி.
இந்தச் சட்டையோடு பிள்ளைகளைத் தொடமாட்டேன் என்று
மூத்தவன் பிறந்த வாரமே சொல்லிவிட்டேன்.
சட்டையைக் கழற்றிய பிறகும்
அந்தப் பேச்சு கழறவில்லை.
தள்ளி நிற்பதும் பழக்கம்தான்,
பீடி மாதிரி.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.
தங்கச்சிக்கு ஊட்டப்போனவன்
பக்கட்டை அப்படியே நிலத்தில் கவிழ்த்தான்.
என் கை ஓங்கியது.
ஓங்கியதோடு நிற்கவுமில்லை.

அழவில்லை அவன்.
குந்தியிருந்து கூட்டினான்.
மேலாக இருந்ததைப் பக்கட்டுக்குத் தனியாக,
மண்பட்டதைக் கோழிக்குத் தனியாக.
அந்தப் பிரிப்பைப் பார்த்துக்கொண்டு
என்னால் நிற்க முடியவில்லை.

பீலிக்குப் போனேன்.
ஆறு மணித் தண்ணி
எலும்பைத் தட்டிப் பேர் கேட்கும்.
கழுத்து, காதுமடல், நகக்கண்,
சோப்புப் போட்டேன் ரெண்டு தரம்.
‘என்னப்பா, பொண்ணு பாக்கவா?’ என்று
பக்கத்து லயத்துச் செபமாலை
குடத்தோடு சிரித்தார்.

படுத்த பிறகு சொன்னேன்:
‘அடிச்சிருக்கக் கூடாது.
அப்பா செஞ்சது பிழை.’
எங்கள் லயத்தில் எந்தத் தகப்பன் வாயிலும்
கேட்டிராத வாக்கியம்.
புதுச் செருப்புப் போல நாக்கைக் கடித்தது.

பதில் இல்லை.
கையை நீட்டி, ‘நாறுதா?’ என்றேன்.
மோந்து பார்த்தான், அவசரமில்லாமல்,
உள்ளங்கை, புறங்கை.
‘சவுக்கார வாசம்’ என்றான்.

பிறகு எழும்பி
தகரப்பெட்டி மேல் ஏறி
சுவிட்சில் விரல் வைத்துக்கொண்டு
‘அணைக்கவாப்பா?’

‘அணை.’

இருட்டில் ஐஸ் மாதிரி ரெண்டு பாதம் வந்து
என் வயிற்றில் ஒட்டிக்கொண்டன.
தகரத்தில் மழை.
நாலாவது மூலையும் சொட்டத் தொடங்கிவிட்டது.
எழும்பவில்லை நான்.
புத்தகப்பையை மட்டும்
காலால் இழுத்தேன்
இந்தப் பக்கம்.