எட்டாம் காம்பரா

கொழுந்து நிறுக்குமுன்னே
மடுவத்துக்குச் சேதி வந்துவிட்டது.

இன்றைக்கும் பள்ளிக்கூடம் போகாமல்
பீலிக்கரையில் நின்றானாம் கிருபாகரன்,
பார்த்தது சிவனம்மா.
பீடி கேட்டிருக்கிறான்,
பணிஸ் ஒன்றைக் கையில் திணித்து
விரட்டியிருக்கிறார் கடைக்காரப் பண்டார.
ஆட்டோவில் அள்ளிப்போட்டு
கேட்டுக்குள் தள்ளியது ரொசாரியோ.

எனக்குப் பற்றி எரிந்தது.
தோட்டத்துக்கே தெரிகிறது,
பெற்றவளுக்குத் தெரியவில்லை.

பதினெட்டுக் கிலோ. கழிவு இரண்டு.
வழியில் ஒரு மிலாறு உருவிக்கொண்டேன்.

சிவனம்மா வாசலில்
கொப்பியை விரித்துக் குனிந்திருந்தான்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
மிலாறை வாங்கி, ஒடித்து,
அடுப்பில் வைத்தாள்.
“தண்ணி கொதிக்கட்டும், இரு.”

“ஏழெட்டு ஐம்பத்திநாலு”
என்றான், நிமிராமலே.

“ஐம்பத்தாறுடா!”
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
யாரோ.