ஒன்று தசம் ஐந்து

பஞ்சிகாவத்தையில் மழை விட்ட மத்தியானம்.
என் காருக்கு ஒன்று தசம் மூன்று எஞ்சின்.
கடையில் கிடந்த சைலன்சரோ
ஒன்று தசம் ஐந்துக்குப் பிறந்தது,
யோகோஹாமாவில் யாரோ ஓட்டிய காரின் பின்பாதி.
"ரெண்டும் அண்ணன் தம்பிதான்" என்றார் ரிஃப்கான் பாஸ்.
அண்ணன் தம்பி ஒத்துப்போன கதை
எங்கள் வீட்டில் இல்லை. நான் சொல்லவில்லை.

ஜாக்கியில் ஏற்றியதும் தெரிந்தது:
எஞ்சின் வாயில் மூன்று போல்ட், குழாயில் இரண்டு.
நாலு விரல் நீளம் கூட.
சென்சருக்கென்று விட்ட ஓட்டை
சும்மா வாயைத் திறந்து கிடந்தது;
ஒரு நட்டை வைத்து அதை அடைத்தார்.
கொஞ்சம் அறுத்தார். கொஞ்சம் வளைத்தார்.
"கண்ணைப் பொத்துங்க."
பொத்திய கைக்குள்ளும் நீல வெளிச்சம்.

பழைய குழாயை என் காலடியில் போட்டார்.
தட்டினால் துரு அரிசியாய்க் கொட்டியது.
பதினொரு வருடம் என் புகையை விழுங்கியது.
நிறுத்துப் பார்த்து எழுநூறு ரூபா கழித்தார்.

இரவு ஓட்டம் முடிந்து
கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் திரும்ப ஒன்றரை மணி.
எப்போதும் முடக்கில் சத்தம் கேட்டதுமே
செவ்வந்தி எழும்பிக் கேற்றைத் திறப்பாள்.
இன்று திறக்கவில்லை.
நான்தான் என்று சொல்வதுபோல
இரண்டு தரம் உறுமவிட்டேன்.
எதிர் மாடியில் யாரோ
ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள்.
என் வீட்டு வாசலில்
முதல் தடவையாக ஹோர்ன் அடித்தேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.
"யாரோ எண்டு படுத்திருந்தன்."

ரெண்டு கிழமையில் பழகிடும் என்றாரே பாஸ்,
காருக்கா, குழாய்க்கா,
கேட்காமல் வந்துவிட்டேன்.