கீரனூர் தாண்டி

நூற்றிரண்டு காட்டியது விடுதியின் தெர்மாமீட்டர்.
மாத்திரைக் கசப்பு நாக்கைவிட்டு இறங்கவில்லை.
ஜன்னல் கம்பியில் நெற்றியை ஒட்டிவைத்து
ஆடிக்கொண்டே வந்தேன்.
கீரனூர் தாண்டியதும்
பொத்தான்கள் சுட்டன,
இல்லை, விரல்களோ.

உள்ளங்கைத் திரையில் ஒருவன்
ஒரே பள்ளத்தில் ஏழாவது முறை விழுகிறான்.
அவனுக்குக் குளிரவில்லை, குமட்டவில்லை.
எழுந்து ஓடுகிறான்
வெட்கமில்லாமல்.

எதிரே, வாயெல்லாம் முறுக்குத் தூளாக ஒரு சிறுமி:
"அவசரப்பட்டுக் குதிச்சிர்றீங்கக்கா."
கொடுத்துவிட்டேன்.
கண்ணை மூடினால்
இமைக்குள்ளும் உருண்டன மஞ்சள் காசுகள்.
திருமயம் கோட்டை
அடுத்த லெவலைப்போல எழும்பிவந்து
ஏறவிடாமல் நகர்ந்துபோனது.

செட்டிநாடு ஸ்டேஷனில்
சிவப்பு விளக்கு மினுங்க ஆரம்பித்தது.
சார்ஜர் விடுதியில், கட்டிலுக்கடியில்.
"இன்னும் ஒரு உயிர் இருக்கு"
பாவாடையில் விரலைத் துடைத்துக்கொண்டு
திருப்பித் தந்தாள்.
பள்ளத்துக்கு அந்தப்பக்கம் நிற்கிறான் அவன்
மூச்சு வாங்காமல்.

கோட்டையூரில் இறங்க
படி எங்கேயோ கீழே இருந்தது.
இந்த முறை அவசரப்படவில்லை.

பையை வாங்கும்போது கைபட்டு
"என்ன இப்படிச் சுடுது" என்றான்
அண்ணன் அடைக்கலம்.
இதுதான் என்று
வீடியோ கேமை அவனிடம் நீட்டினேன்.