என்ன கடலை?

முதலில் அல்வாக் கடையில் கேட்டேன்,
இதில் என்னென்ன சேரும் என்று.
தாமிரபரணித் தண்ணி, என்றார் தராசுக்காரர்,
எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் சேர்த்துச் சிரித்தபடி.
தண்ணி இருக்கட்டும் அண்ணாச்சி,
நிலக்கடலை கிண்டின கரண்டி உண்டா?
அதற்குள் வேறு ஆளுக்கு நிறுக்கப் போய்விட்டார்.
ரகசியத்தையும் கால்கிலோ, அரைக்கிலோவாகப்
பொட்டலம் கட்டுகிற ஊர்.

என் மகன் ஜோயலுக்கு ஏழு வயது.
ஒரு கல்யாணப் பந்தியில் விரல்நுனி அளவு சட்னி.
உதடு நுங்காக வீங்கி,
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில்
விடியும்வரை அவன் மூச்சை எண்ணினேன்.
அன்றிலிருந்து என் பையில் ஒரு ஊசி,
வாயில் ஒரு கேள்வி.

பாளையங்கோட்டையில் புதிதாகத் திறந்த காபிக் கடையில்
அட்டை முழுக்கக் கலோரி.
சாக்லேட் கேக் நானூற்றுப் பன்னிரண்டு.
அந்தப் பன்னிரண்டு எனக்குப் பிடித்திருந்தது,
யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.
கடலை உண்டா?
சட்டையில் பெயர் குத்திய பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
"ரெடியா பெட்டியில வருது மேடம்,
நாங்க சூடு மட்டும்தான் பண்ணுவோம்."

தமிழும் கைகொடுக்கவில்லை.
கொண்டைக்கடலை ஆகும். பொரிகடலை ஆகும்.
கடலைமாவு பஜ்ஜி இரண்டு தின்பான்.
மண்ணுக்குள் காய்க்கிற அந்த ஒன்றுதான் ஆகாது.
எல்லோருமோ "கடலை" என்று பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள்.
லீவுக்கு உவரி போவோமா,
கடலைப் பார்க்கலாம், என்றேன்.
கழுத்தைச் சொறிந்தான்.

பஸ் மாறத் திசையன்விளையில் இறங்கினோம். பசி.
எதிரே புரோட்டாக் கடை.
நான் வாயைத் திறப்பதற்குள்
சப்ளை பண்ணும் நயினார் முந்திக்கொண்டான்:
"பயப்படாம சாப்பிடுங்கக்கா, பாமாயில் கிடையாது.
எல்லாம் சுத்தமான செக்குக் கடலெண்ணெ."
பெருமையில் முகம் பளபளத்தது,
எங்களுக்கு ஆகாத அதே எண்ணெயில்.

இலையைத் தொடாமல் எழுந்தோம்.
கல்லை விட்டுவிட்டு வந்தார் மாஸ்டர் மைதீன்பிச்சை,
முழங்கைவரை மைதா.
"என்ன கொற?"
ஜோயலே சொன்னான்:
"நெலக்கடல சாப்ட்டா எனக்கு மூச்சு வராது."

உள்ளே டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம்.
கல்லில் கிடந்த நாலு புரோட்டா கருகும் வாடை.
விரல் மடக்கியபடி திரும்பி வந்தார்,
தன் சால்னாவை முதல் தடவை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல.
தேங்கா. சோம்பு. கசகசா.
பொரிகடலை ஒரு கை. பட்டை, கிராம்பு.
நின்றார்.
"மசாலாப் பொடி வெளிய வாங்குதது.
அதுல என்ன கெடக்கோ, எனக்குத் தெரியாது.
ஜாருல காலைல நெலக்கடலச் சட்னி அரைச்சேன்.
கழுவுனேன்தான்.
நான் கழுவுனத நம்பி
பிள்ளைக்குக் குடுத்துராதிய."

எத்தனையோ கடையில் கேட்டிருக்கிறேன்.
தெரியாது என்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான்.
அந்தக் கடையில் எனக்கு வயிறு நிறைந்தது
அந்தச் சொல்லில்தான் என்று எழுதினால் பொய்,
நல்ல பசி.
வாசல் தாரில் இரண்டு கோழிக்கூடு பழம் பிய்த்துத் தந்தார்.
ஜோயலே உரித்தான்,
கத்தி படாமல், கரண்டி படாமல்.
நான் ஒரு டீ குடித்தேன்.
டீக்கு மட்டும் காசு வாங்கினார்.

பஸ் செம்மண் தேரியைத் தாண்டும்போது
பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்:
"ஒன் டீல என்னல்லாம் போட்டிருந்தாரு?"
கேக்கலியே, என்றேன்.
"ஏன் கேக்கல?"
ஜன்னல் வழியே
உப்புக் காற்று வரத் தொடங்கியிருந்தது.